மிங்கலா தாங்ஞுன்ட் விருந்தாளி

சத்யபாமா தன் சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. போக இடமும் இல்லை, ஏனென்றால் அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

பர்மாவில், யாங்கோன் நகரத்தில், யார் வீட்டில் வெளியாள் ராத்தங்கினாலும், பொழுது சாய்வதற்குள் வார்டு ஆபீசில் பேரைப் பதிந்து விருந்தாளிச் சீட்டு வாங்கிவிட வேண்டும். சீட்டு ஏழு நாளைக்குச் செல்லும். எட்டாம் நாளும் விருந்தாளி எழுந்து போகாவிட்டால் மறுபடி ஒரு சீட்டு. குடும்பப் பட்டியலில் பேர் இருந்தால் வீட்டு மனுஷர், இல்லாவிட்டால் விருந்தாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு பச்சைக் குழந்தை பிறந்து தொலைக்கலாம் என்று சட்டம் எழுதின புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

பாமாவின் அப்பா அய்யாசாமி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். யாங்கோன் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஓர் அறை அவர்களுடையது. 1985-இல் மகள் பிறந்த மறுநாள், குழந்தையின் பேரைக் குடும்பப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வார்டு ஆபீசுக்குப் போனார். கிளார்க் ஊ சிட் ஸ்வே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அய்யாசாமியின் தாத்தா எந்த வருஷம் எந்தக் கப்பலில் பர்மாவுக்கு வந்தார் என்று கேட்டார். அய்யாசாமிக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"அப்படியானால் உன் அடையாள அட்டையையே பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. கொடுத்துவிட்டுப் போ. அடுத்த மாதம் வா," என்றார் கிளார்க்.

அட்டை உள்ளே போனது, ரசீது ஒன்று வெளியே வந்தது. அந்த அடுத்த மாதம்தான் பதினேழு வருஷமாகியும் வந்து சேரவில்லை.

"அது வரைக்கும் குழந்தை, ஸயா?" என்று கேட்டார் அய்யாசாமி. வாத்தியார், வைத்தியர், ஆபீசர் எல்லோரையும் பர்மாவில் ஸயா என்றுதான் கும்பிட வேண்டும்.

"அது வரைக்கும் விருந்தாளி."

விருந்தாளிப் படிவத்தில் 'எங்கிருந்து வந்தார்' என்று ஒரு கட்டம் இருந்தது. அய்யாசாமி பொய் சொல்லிப் பழகாதவர். "அவங்க அம்மா வயித்திலேருந்து, ஸயா," என்றார். கிளார்க் டவுன்ஷிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஊர் இல்லை என்றார். பெண்டாட்டி அம்சவேணியின் அக்கா காளியம்மா ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்தாள். ஆகவே டாலா என்று எழுதப்பட்டது. 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் அய்யாசாமி 'பால் குடிக்க' என்று எழுதினார். கிளார்க் அதை அடித்துவிட்டு 'உறவினரைப் பார்க்க' என்று திருத்திக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். டீச் செலவுக்கு ஏதோ வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

அன்று தொடங்கி வியாழக்கிழமை தவறாமல் ஒரு சீட்டு. நாட்டில் கலகம் வந்தது, துப்பாக்கி வந்தது, கட்சி போய் கவுன்சில் வந்தது, கவுன்சிலுக்குப் பேர் மாறியது, ஊருக்கே பேர் மாறியது. ஊ சிட் ஸ்வே மாறவில்லை. அய்யாசாமியின் வியாழக்கிழமையும் மாறவில்லை. வாங்கின சீட்டையெல்லாம் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். ஒன்று நிறைந்து இரண்டாவது டின்னும் வந்தது.

பாமா வளர்ந்தது இந்தப் பயத்தில்தான். வீட்டுச் சோதனைக்கு ஆள் வந்தால் விருந்தாளி விருந்தாளி மாதிரி இருக்க வேண்டும் என்று, அவளுக்கு இரண்டு உடுப்பு வைத்து ஒரு பை எப்போதும் கதவோரம் தயாராக இருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் யாரென்று பார்க்க ஓடும். பாமா பையைப் போய்ப் பிடித்துக்கொள்வாள். நாலு வயசில் கற்றுக்கொண்டது. பதினேழு வயசிலும் பால்காரர் தட்டினால்கூட அவள் நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் அடிக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவச்சி எழுதிக்கொடுத்த துண்டுக் காகிதமும் ஹெட்மிஸ்ட்ரஸின் இரக்கமும் போதுமாக இருந்தன. 2002-இல், பர்மாவில் பள்ளிப்படிப்பை முடித்துவைக்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் மூன்று பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி வாங்கினாள். பள்ளிக்கூட வாசலில் பேரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். தெருவே வந்து பார்த்தது. அய்யாசாமியும் வந்து பார்த்தார், பார்த்ததும் வேர்த்துவிட்டது.

"இவ்வளவு பெரிசா எழுதணுமா? சின்னதா எழுதியிருக்கலாமில்ல," என்றார்.

பாமாவுக்கு ரசாயனம் படிக்க ஆசை. இவ்வளவு பயத்துக்கு நடுவில் ஆசை எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது, ஆனால் வந்துவிட்டது. பல்கலைக்கழக ஜன்னலில் இருந்த அம்மாள் அட்டையைக் கேட்டாள். இல்லை. குடும்பப் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அந்த அம்மாளுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "பதிவு பெற்ற சங்கம் ஏதாவது, 'இந்தப் பெண்ணின் ஆவணம் பரிசீலனையில் இருக்கிறது, ஃபீஸுக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒரு கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன். முப்பதாம் தேதி கடைசி," என்றாள்.

யாங்கோனில் தமிழருக்கென்று அப்படி ஒரு குழு இருந்தது. பேர், தமிழ் மாணவர் கல்வி உபகாரக் குழு. 'ஆவணச் சிரமமுள்ள வறிய மாணவரைக் கைதூக்கி விடுவது' அதன் ஒரே நோக்கம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது.

"போகாதே. அங்க போனா உன் பேரை எழுதி வச்சுக்குவாங்க," என்றாள் அம்மா. பேரை எழுதிக்கொள்வது என்றால் அம்சவேணிக்கு ஆளையே பிடித்துக்கொண்டு போவது மாதிரி.

பாமா போனாள்.

குழுவின் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அந்த நாளில் ஐந்து பேர் ஓரிடத்தில் சேர்ந்து நின்றால் குற்றம். குழுவின் விதியோ, ஐந்து பேர் சேர்ந்தால்தான் கூட்டம் என்றது. இரண்டு சட்டத்தையும் மீறாமல் பிழைக்கத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள். நாலு பேர் மேலே உட்காருவார்கள். ஐந்தாவது உறுப்பினர் தங்கவேலு எதிர்த்த டீக்கடையில் உட்காருவார். மேலே தீர்மானம் வந்தால் பால்கனியிலிருந்து ஒரு துண்டு அசையும். தங்கவேலுவுக்குச் சம்மதமென்றால் தன் முன்னால் இருக்கிற கோப்பையை நிமிர்த்தி வைப்பார், இல்லையென்றால் கவிழ்த்து வைப்பார். என்ன தீர்மானம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்று விதியிலும் இல்லை.

கதவை ஒரு விரற்கடை திறந்து செயலாளர் பழனியப்பன் எட்டிப் பார்த்தார். "எத்தனை பேர்?"

"நானும் அப்பாவும்."

"அப்பாவைக் கீழே இருக்கச் சொல்லு. தங்கவேலு மேசையில வேண்டாம், வேற மேசையில."

பாமா உள்ளே கால் வைத்ததும் உள்ளே இருந்த நாலு பேரும் ஐந்தாகிவிட்டார்கள். எல்லோர் முகமும் வெளுத்தது. கைலி வியாபாரி மீரா முகைதீன் சட்டென்று எழுந்து, தன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ உக்காரு புள்ள, நான் படிக்கட்டில நின்னுக்கிறேன்," என்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உள்ளே மூச்சு விட்டார்கள்.

தலைவர் சாத்தப்பன், ஒரு காலத்தில் பேங்கு நடத்தின குடும்பத்தின் மிச்சம். இப்போது இரும்புச் சாமான் வியாபாரம். பேசுவதற்கு முன்னால் வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார், ஒரு ஆள்தான் கேட்கிறாள் என்றாலும்.

"தங்கச்சி, இந்தக் குழு ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆகுது. உன்னை மாதிரி அட்டை இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் நாங்க மூச்சு விடுறோம். இதுவரைக்கும் நாப்பத்திரண்டு மனு வந்திருக்கு. நாப்பத்திரண்டையும் விதிப்படி பரிசீலிச்சு விதிப்படி நிராகரிச்சிருக்கோம். ஒரு தப்பு நடந்ததா யாராவது விரல் நீட்டட்டும் பார்ப்போம். ஏன் நிராகரிச்சோம்? ஒருத்தர்கிட்டயும் ஆவணம் இல்லை."

"நிதி அப்படியே இருக்கு. கை படலை," என்றார் செயலாளர் பெருமையாக.

பிறகு ஏழாம் விதியை வாசித்தார். மனுதாரர் யாங்கோன் கரையில் பத்து வருஷம் குடியிருந்ததற்கு அரசாங்க முத்திரையுள்ள சான்று காட்ட வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் மனுதாரர்கள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். பாமா எழுந்திருக்கவில்லை. பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

மறுநாள் டின் இரண்டும் தலைவர் மேசையில் கவிழ்க்கப்பட்டன. எண்ணூற்று எண்பத்து நாலு சீட்டு. ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரை. பதினோரு வருஷத்தில் இவ்வளவு முத்திரையைக் குழு ஒருசேரப் பார்த்ததில்லை. சாத்தப்பன் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படிக்கட்டிலிருந்து மீரா முகைதீன், "எத்தனை இருக்கு?" என்று கதவு வழியாகக் கேட்டார். பழனியப்பன் எண்ண, பாமாவும் கூடவே மனசுக்குள் எண்ணினாள்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்புறம்தான் பழனியப்பன் ஒரு சீட்டை வாசித்தார். முகம் சுருங்கியது.

"எங்கிருந்து வந்தார், டாலா. எல்லாத்திலயும் டாலான்னுல்ல போட்டிருக்கு? அப்ப நீ டாலாக்காரி. வாரா வாரம் வந்து போறவ."

"இல்லைங்கய்யா, நான் இங்கதான் பிறந்தேன். அந்தக் கட்டத்தில என்னமாவது எழுதணும்னு..."

"அரசாங்கம் எண்ணூத்தி எண்பத்து நாலு தடவை சொல்லுது, நீ ஒரு தடவை சொல்றே. நாங்க யாரை நம்புறது?" என்றார் தலைவர், கோபமில்லாமல். "ஒண்ணும் கவலைப்படாதே. நீ டாலாவில இல்லைன்னு டாலாவே எழுதிக் கொடுத்திட்டா முடிஞ்சது."

பாமா படகேறினாள். ஆற்றை அவள் தாண்டுவது அதுதான் முதல் தடவை. எண்ணூற்று எண்பத்து நாலு தடவை தாண்டி வந்ததாக எழுதியிருந்தது. படகில் சீருடைக்காரர் ஒருவர் எல்லோர் அட்டையையும் வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். பாமா ஒரு கோழிக்கூடைக்குப் பின்னால் குனிந்து, செருப்பு வாரைச் சரி செய்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கரை வருகிற வரைக்கும் அந்த வார் சரியாகவில்லை.

டாலா வார்டு ஆபீசர் வெற்றிலை மென்றபடி, பாமா கொண்டுபோன சீட்டுகளைப் பார்த்துவிட்டு, தடிமனான பேரேட்டைப் புரட்டினார். அவர் பேசினது பர்மிய பாஷையில். பாமாவுக்குத் தமிழைவிட அதுதான் சுலபம், ஆகவே ஒரு வார்த்தை விடாமல் புரிந்து தொலைத்தது.

"எண்ணூற்று எண்பத்து நாலு தடவை இங்கிருந்து போயிருக்கிறாய். ஒரு தடவையும் திரும்பி வந்ததாக இல்லையே. திரும்பி வராமல் எப்படி மறுபடி மறுபடி போனாய்?"

பாமா மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கிக் கட்டினாள்.

"வழக்குப் போட்டால் எண்ணூற்று எண்பத்து நாலு வழக்கு. அவ்வளவு படிவம் என்னிடம் இல்லை," என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து டைப் மெஷினில் கடிதம் தட்டினார். 'சத்யபாமா என்ற பேரில் இந்த டவுன்ஷிப்பில் எவரும் இல்லை. முன்பும் இருந்ததில்லை. வந்ததுமில்லை, போனதுமில்லை.' கீழே முத்திரை.

பாமா அதை இரண்டு தடவை படித்தாள். முத்திரை நன்றாகத்தான் விழுந்திருந்தது. தான் கேட்டு வாங்கின கடிதம்தான், இருந்தாலும் அழுகை வந்தது. ஆபீசர் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அழுகை பாதியிலேயே நின்றுபோனது.

குழுவில் அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த வரவேற்பு கொஞ்சநஞ்சமல்ல. "இதுவல்லவா சான்று," என்றார் சாத்தப்பன். "ஆவணச் சிரமம் ஆவணச் சிரமம்னு எல்லாரும் வாயால சொன்னாங்க. இந்தப் பொண்ணுதான் அரசாங்க முத்திரையோட கொண்டாந்திருக்கா." வாக்கெடுப்பு நடந்தது. உள்ளே மூன்று கை உயர்ந்தது. படிக்கட்டிலிருந்து மீரா முகைதீன், "சம்மதம், சம்மதம்," என்று இரண்டு தரம் சொன்னார். பால்கனியில் துண்டு அசைந்தது. கீழே தங்கவேலு அப்போதுதான் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்க்கப் போனவர், துண்டைப் பார்த்து அவசரமாக நிமிர்த்தி வைத்தார். ஏகமனதாக நிறைவேறியது.

பழனியப்பன் கடிதத்தை உடனே தட்டினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். பாமா இரண்டு கையையும் நீட்டினாள். தலைவர் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"அய்யா?"

"ரெடியா இருக்கும்மா. இருபத்தொன்பதாம் தேதி விழாவில உன் கையில கிடைக்கும். பதினோரு வருஷத்தில முதல் பிள்ளை. மேடை வேண்டாமா? பொன்னாடை வேண்டாமா? போட்டோ வேண்டாமா?"

"மேடையெல்லாம் வேண்டாங்கய்யா. எனக்கு நாலு பேர் பார்த்தாலே பயம். கடிதத்தை மட்டும் இப்பக் குடுத்திட்டீங்கன்னா..."

சாத்தப்பன் சிரித்தார். அன்பான சிரிப்புதான், அதில் குறை சொல்ல முடியாது. "தங்கச்சி, நான் மூலையில நின்னு உனக்கு ஒரு கடிதம் நீட்டினா அது என்ன? கையூட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கும். நாங்க உபகாரம் செய்யறவங்க. உபகாரம் செய்யறவன் முகம் தெரியணும். உனக்காக இல்லைம்மா, உனக்குப் பின்னால வரப்போற பிள்ளைகளுக்காக. அதுகளும் எங்களைப் பார்த்து நம்பிக்கையோட மனுப் போடணுமில்ல?"

விழா என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடுவார்கள். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு, வருகிறவர்கள் பேர், விலாசம், அட்டை எண் எல்லாம் எழுதி அவரவர் வார்டுக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். பழனியப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. முதல் வரியில் பாமாவின் பேரை எழுதினார். விலாசம், மிங்கலா தாங்ஞுன்ட். அட்டை எண் கட்டத்தில், 'இல்லை. இதற்காகவே பாராட்டப்படுகிறார்' என்று எழுதினார். கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று டாலா கடிதத்தின் நகலையும் சேர்த்துத் தைத்தார்.

இருபத்தாறாம் தேதி வார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அப்பாவும் மகளும் உடனே வர வேண்டும்.

நூறு கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அய்யாசாமி, வார்டு ஆபீஸ் வாசற்படி மூன்றையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாமாவுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கத் தன் பயத்தோடு அவர் பயமும் சேர்ந்துகொண்டது.

உள்ளே ஊ சிட் ஸ்வே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் விழா மனுவும் டாலா கடிதமும் விருந்தாளிப் பேரேடும் இருந்தன. பாமா அவரை ஏறிட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

"உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "முப்பது வருஷ சர்வீஸில் நான் ஒரு தப்பும் செய்ததில்லை. கேட்ட படிவத்தைக் கொடுப்பேன், கொடுத்த படிவத்தை வாங்குவேன், அதற்குமேல் எதையும் யோசித்ததில்லை. அதனால்தான் இத்தனை அரசாங்கம் மாறியும் இந்த நாற்காலியில் இருக்கிறேன். இப்போது பாருங்கள், டாலாக்காரன் இப்படி ஒருத்தியே இல்லை என்று எழுதியிருக்கிறான். இவள் இல்லை என்றால், இல்லாத ஆளுக்கு நான் எண்ணூற்று எண்பத்து நாலு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருக்கிறாள் என்றால், ஏழு நாள் விருந்தாளியைப் பதினேழு வருஷம் விட்டுவைத்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் எனக்கு ஜெயில்."

"இவ பிறந்த மறுநாளே உங்ககிட்டதான் வந்தேன், ஸயா. நீங்கதான் விருந்தாளின்னு எழுதச் சொன்னீங்க," என்றார் அய்யாசாமி. பதினேழு வருஷத்தில் அவர் அந்த ஆபீசில் பேசின மிக நீளமான பேச்சு அது.

"வாயால் சொன்னேன். எழுத்தில் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு, கிளார்க் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் கெடுதலில்லாமல் ஒரே வழி இருக்கிறது. விருந்தாளி வந்தார், இருந்தார், போய்விட்டார். போய்விட்ட விருந்தாளியைப் பற்றி எந்த அரசாங்கமும் கேட்பதில்லை."

அவர் ஒரு சீட்டு எடுத்து எழுதினார். 'சத்யபாமா, விருந்தாளி. மிங்கலா தாங்ஞுன்ட்டிலிருந்து இன்று புறப்பட்டார்.' முத்திரை குத்தினார்.

"எங்க போவா, ஸயா? அவளுக்கு வேற வீடு கிடையாது," என்றார் அய்யாசாமி. அப்புறம் தரையில் உட்கார்ந்தார். கும்பிட உட்கார்ந்தாரா, கால் தாங்காமல் உட்கார்ந்தாரா என்று பாமாவுக்குத் தெரியவில்லை.

"டாலாவுக்கு. அங்கிருந்துதானே வந்தாள்," என்றார் கிளார்க். "பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். இன்று சோதனைக்கு ஆள் வரும். வீட்டில் இவள் இருந்தால் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். நானும் கூட வந்து ஏற வேண்டியிருக்கும்." பிறகு சற்று யோசித்துச் சொன்னார். "நன்றாகப் படிக்கிற பெண் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

வீட்டில் அம்சவேணி சத்தம் போட்டு அழவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் வார்டுக்குக் கேட்கும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மகளுக்குத் தலைவாரி விட்டாள். பின்னலை அவிழ்த்து அவிழ்த்து மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை பாமாவே அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

காளியம்மா பெரியம்மாவுக்கு டாலாவில் ஒரு ஓலைக் குடிசையும் நாலு பிள்ளைகளும் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும், "உள்ள வாடி. ஆனா முதல்ல போய்ச் சீட்டு எடுத்திட்டு வா, அப்புறம் சோறு," என்றாள். அன்புக்குக் குறைச்சலில்லை. ஆனால் டாலாவிலும் அதே சட்டம்தான், அவளுக்கும் அதே பயம்தான்.

அதே ஆபீசர், அதே வெற்றிலை. பாமாவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இல்லை என்று எழுதிக்கொடுத்த ஆள் எதிரில் வந்து நிற்கிறாளே என்று கொஞ்சமும் கலங்கவில்லை.

"நீ இங்கே குடியில்லை என்றுதான் எழுதினேன். விருந்தாளியாக வருகிறவள் குடியிருக்க வேண்டியதில்லையே," என்றார். "எங்கிருந்து வருகிறாய்? சான்று இருக்கிறதா?"

பாமா கிளார்க் கொடுத்த சீட்டை நீட்டினாள். ஆபீசர் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, கட்டங்களை நிரப்பினார். 'பேர், சத்யபாமா. எங்கிருந்து வந்தார், மிங்கலா தாங்ஞுன்ட்.'

வெளியே வந்து கொடிக்காப்புளி மரத்தடியில் நின்று அவள் அதைப் படித்தாள். அவள் மிங்கலா தாங்ஞுன்ட்டுக்காரி என்று அரசாங்கம் எழுதின காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். அங்கே இருந்த பதினேழு வருஷமும் கிடைக்காதது, அங்கிருந்து விரட்டின அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. சிரிக்க வேண்டிய சமாசாரம்தான். அவள் அதை நாலாக மடித்துக்கொண்டு பெரியம்மாவின் சோற்றுக்கு நடந்தாள்.

ஆனால் அந்த ராத்திரி பெரியம்மா பிள்ளைகளுக்கு நடுவில் படுத்திருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. குழு கேட்டது இதைத்தானே? யாங்கோன் கரையில் குடியிருந்ததற்கு அரசாங்க முத்திரை. கடிதம் இழுப்பறையில் தயாராக இருக்கிறது. முப்பதாம் தேதி வரைக்கும் இன்னும் நாள் இருக்கிறது.

இருபத்தேழும் இருபத்தெட்டும் படகில் சோதனை கடுமையாக இருந்தது. இருபத்தொன்பதாம் தேதி விழா நடக்கவில்லை. பாராட்டப்படுகிறவர் ஊரைவிட்டுப் போய்விட்டபடியால் அனுமதி கிடையாது என்று பதில் வந்ததாம். முப்பதாம் தேதி காலையில்தான், மீன்கூடைக்காரிகள் கூட்டத்தோடு கூட்டமாக அவள் படகேறி வர முடிந்தது. வழியெல்லாம் யாராவது கூப்பிடுவது போலவே இருந்தது. பல்கலைக்கழக ஜன்னல் நாலு மணிக்குச் சாத்துவார்கள். அவள் குழுவின் மாடிப்படி ஏறியபோது மணி பதினொன்று.

குழு கூடியிருந்தது. மீரா முகைதீன் அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா புள்ள," என்று சொல்லி, டீயோடு வெளியே போய் நின்றுகொண்டார். பாமா சீட்டை மேசை மேல் வைத்தாள். பழனியப்பன் அது பறந்துவிடாமல் அதன் மேல் பித்தளைக் கனம் ஒன்றைத் தூக்கி வைத்தார்.

தலைவர் வாசித்தார். முகம் மலர்ந்தது.

"எங்கிருந்து வந்தார், மிங்கலா தாங்ஞுன்ட். ஆகா. இதைத்தான் நாங்க கேட்டோம். செயலாளரே, பார்த்தீங்களா, விதி விதின்னு நாம கண்டிப்பா நின்னதாலதான் இந்தப் பொண்ணுக்கு இது கிடைச்சிருக்கு."

"அப்பக் கடிதம், அய்யா? இன்னிக்கு நாலு மணிக்குள்ள கொடுக்கணும்."

"அது நாம சும்மா கொடுத்திட முடியாதும்மா," என்றார் பழனியப்பன் விதிப் புத்தகத்தைத் திறந்து. "விழா நின்னதால பழைய தீர்மானம் செல்லாது. ஏழாம் விதி, பத்து வருஷம், டாலான்னு போட்ட பழைய சீட்டு கணக்கில வராது. ஒரு சீட்டு ஏழு நாள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, பத்து வருஷத்துக்கு ஐந்நூத்தி இருபது. நீ ஒண்ணு கொண்டாந்திருக்கே."

"இன்னும் ஐந்நூத்திப் பத்தொன்பதுதான்," என்றார் தலைவர். "நல்ல ஆரம்பம். டாலாவிலயே இருந்து வாரா வாரம் எடுத்துக்கிட்டு வா. உன் கடிதம் இந்த இழுப்பறையில பத்திரமா இருக்கும். எங்க காலத்துக்கு அப்புறமும் இருக்கும்."

பாமா இழுப்பறையைப் பார்த்தாள். பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். அவள் கை நீட்டவில்லை. பதினேழு வருஷமாக எதையும் தொடாமல் வளர்ந்த கை அது. பத்து வருஷம் கழித்துத் தனக்கு என்ன வயசு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"சரி, நீ கிளம்பு. சீட்டு இருக்கட்டும், ஃபைல்ல சேர்க்கணும். அசல்தான் செல்லும்," என்றார் பழனியப்பன்.

"இல்லைங்கய்யா," என்றாள் பாமா. குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. "இது எனக்கு வேணும். இது இல்லாம இன்னிக்கு ராத்திரி என்னை எங்கயும் படுக்க விடமாட்டாங்க."

பித்தளைக் கனத்தை நகர்த்தி, சீட்டை எடுத்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். மீரா முகைதீன் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்கள் மறுபடி நாலானார்கள்.

பழனியப்பன் பேனாவைத் திறந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதி, வழக்கம்போல் உரக்க வாசித்தார்: "மனுதாரரிடம் ஆவணம் இருந்தது. கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார். மனு நிராகரிக்கப்படுகிறது." பால்கனியில் துண்டு அசைந்தது. கீழே டீக்கடையில் தங்கவேலு தன் கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.